ஏரி போய் ஏரியா வந்த ஊர்

2005-ஆம் ஆண்டு ஐப்பசி அடைமழையின்போது என் கட்டிலின் தலைமாட்டில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. திருவல்லிக்கேணியில் ஒரு பழைய வீட்டைப் பாதி இடித்து மேன்ஷனாக மாற்றியிருந்தார்கள். முன்பக்கம் நான்கு மாடிக் கான்கிரீட், பின்பக்கம் பழைய வீட்டின் மாடி அப்படியே. வாடகை குறைவு என்பதால் நான் பின்பக்க அறையை எடுத்திருந்தேன். கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமத்திலிருந்து வந்து, நடந்தே போய்விடும் தூரத்தில் இருந்த கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த எனக்கு ஆடிட்டர் ஆவது ஒன்றே குறி. கட்டடம் என்றால் மேலே கூரை, கீழே தரை. ஒழுகாமல் இருந்தால் சரி. அதற்கு மேல் அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

வாளி வைத்து இரண்டு மாதம் ஓட்டினேன். மேனேஜரிடம் சொன்னபோதெல்லாம், “மழை விடட்டும், ஆள் வருவார்” என்று பதில் வந்தது. மழை விட்டுத் தை பிறந்த பிறகு உண்மையிலேயே ஆள் வந்தார்: எழுபதை நெருங்கிய ஒரு கொத்தனார், கூட இரண்டு சித்தாள்கள். மாடியைக் கொத்தத் தொடங்குவார்கள் என்று பார்த்தால், அவர்கள் முதல் வேலையாக ஒரு பழைய பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, உடைத்த கடுக்காயையும் கருப்பட்டி நிறத்தில் இருந்த மட்டமான வெல்லத்தையும் அதில் ஊறப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு நாள் ஆளைக் காணவில்லை. எங்கள் ஊரில் ‘கடுக்காய் கொடுத்துவிட்டான்’ என்றால் ஏமாற்றிவிட்டான் என்று பொருள். அதுதான் நடந்திருக்கிறது என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் வந்தார்கள். பீப்பாயிலிருந்து புளித்த வாடை மாடி முழுவதும் அடித்தது. ஒழுகிய மூலையில் மேலிருந்த தட்டோடுகளைப் பெயர்த்து, அதற்கடியில் இருந்த செங்கல் ஜல்லியையும் சுரண்டி எடுத்தபோது, நான் இரண்டு ஆண்டுகளாக அண்ணாந்து பார்த்துப் படுத்திருந்த கூரையின் வயிறு வெளியே தெரிந்தது. பர்மாத் தேக்கு என்று அவர் சொன்ன கட்டைகள் ஒன்றரை அடிக்கு ஒன்றாக வரிசையாகக் கிடந்தன. அவற்றின்மேல் உள்ளங்கையில் அடங்கும் மெல்லிய செங்கற்களை, படுக்க வைக்காமல் நெட்டுக்குத்தாக நிறுத்தி, அறையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் சாய்வாக, ஒன்றையொன்று தோளோடு தோள் இடித்தபடி அடுக்கியிருந்தார்கள். கீழே பலகை அடித்து முட்டுக்கொடுத்த தடயமே இல்லை.

“சென்டரிங் இல்லாம எப்படி மேஸ்திரி நின்னுது?”

“சுண்ணாம்பு புடிச்சுக்கும் தம்பி. ஒரு கல்லு வெச்சு, பக்கத்துக் கல்லோட ஒட்டி அழுத்திக் கையை எடுத்தா, அது உழாது. ஒரு வரி முடிஞ்சா அந்த வரியே அடுத்த வரிக்கு ஆளு.”

இரண்டு மூட்டை சிமெண்டைக் கொட்டிப் பூசிவிட்டால் வேலை ஒரு நாளில் முடியுமே என்று நான் கேட்டதற்கு, அவர் என்னைச் சற்று இரக்கத்தோடு பார்த்தார். “கீழ இருக்கிறது மரம். மழையில உப்பும், வெய்யில்ல சுருங்கும். சுண்ணாம்பு அதோட கூடவே அசைஞ்சு குடுக்கும். சிமெண்டு முரடு, அசையாது, வெடிச்சிடும். அப்புறம் அந்த வெடிப்புல பூந்த தண்ணி வெளிய வர வழியில்லாம கட்டையை உளுக்க வெச்சிடும்.” கடந்த முறை யாரோ சிமெண்ட் பூசியதால்தான் என் தலைமாட்டில் ஒழுகியது என்பதை ஒரு துண்டைப் பெயர்த்துக் காட்டினார். அவர் சொன்னது சரிதான் என்பதைப் பின்னாளில் புத்தகங்களில் படித்து உறுதி செய்துகொண்டேன். ஆனால் அந்தத் துண்டின் அடியில் ஈரம் வேர்த்து நின்றதை நேரில் பார்த்ததற்கு எந்தப் புத்தகமும் ஈடாகவில்லை.

பிறகு செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலத்துக்குப் பரப்பி, கடுக்காய்த் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, சித்தாள்கள் இருவரும் குந்தியபடியே மரக்கட்டையால் தட்டத் தொடங்கினார்கள். நாள் முழுவதும் அதே தாளம். முதலில் ‘சொத், சொத்’ என்று கேட்ட ஓசை மாலைக்குள் ‘டொக், டொக்’ என்று மாறியது. கட்டை துள்ளித் திரும்பும் அளவுக்கு இறுகினால்தான் தளம் தயாராம். அதன்மேல் மறுபடி தட்டோடு. கொத்தனார் அதை மட்டப்பா என்றார். கட்டடக்கலைப் புத்தகங்கள் மெட்ராஸ் டெரஸ் என்கின்றன. நம் ஊரின் பெயரைத் தாங்கி நிற்கும் ஒரு கூரைக்கு அடியில் இரண்டு வருடம் படுத்திருந்தும் அதைப் பற்றி ஒரு வார்த்தை அறியாமல் இருந்தது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அந்த வாரம் நான் காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்புகள் நான்கைத் தவறவிட்டேன்.

அதன் பிறகு அண்ணாந்து பார்க்கும் வியாதி வந்துவிட்டது. தெருவில் நடக்கும்போது கடைப் பலகைக்கு மேலே இருப்பதைப் பார்க்கத் தொடங்கினால், திருவல்லிக்கேணியில் எதிரே வரும் மாட்டின் மீது மோத நேரிடும் என்பதையும் அப்போது கற்றுக்கொண்டேன். கடற்கரைச் சாலையில் தினமும் கடந்து போன சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்தை அதுவரை ‘சிவப்புக் கட்டடம்’ என்றுதான் தெரியும். ராபர்ட் சிசோம் என்பவர் வடிவமைத்து 1874 முதல் 1879 வரை கட்டியது அது. மாநிலக் கல்லூரிக்கான வடிவமைப்புப் போட்டியில் வென்று அந்தக் கட்டடத்தை 1870-இல் முடித்தவரும் அவரே. பக்கத்தில் மரங்களுக்கும் அலுவலகங்களுக்கும் பின்னால் மறைந்து கிடக்கும் சேப்பாக்கம் அரண்மனை ஆர்க்காட்டு நவாபுக்காக 1768-இல் எழுந்தது. அதன் இரண்டு மகால்களுக்கும் நடுவில் நிற்கும் கோபுரம், நூறு ஆண்டுக்குப் பிறகு சிசோம் கைவைத்துச் சேர்த்தது. நவாபின் வீட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த ஆங்கிலேயர் தம் வளைவுகளையும் குமிழ்களையும் கற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. செனட் இல்லத்தின் மூலைக் கோபுரங்களைப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடம் நடந்து அரண்மனைச் சுவரைப் பார்ப்பவர்களுக்கு இது பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றாது. 2012 ஜனவரியில் அரண்மனையின் கலஸ் மகால் தீப்பிடித்துக் கூரை விழுந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மரமும் சுண்ணாம்புமாக அதைத் திரும்பக் கட்டுகிறார்கள் என்று செய்தி வந்தபோது, என் மேன்ஷன் கொத்தனாரைப் போன்ற யாரோ ஒருவரைத் தேடிப் பிடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எழும்பூரில் அருங்காட்சியக வளாகத்தை ஒட்டி இருக்கும் கன்னிமாரா நூலகத்துக்கு நான் முதலில் போனது வருமான வரிச் சட்டப் புத்தகம் தேடித்தான். 1896-இல் திறந்த நூலகம். இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் அங்கே வந்து சேர வேண்டும் என்பது சட்டம். வரிச் சட்டம் இருந்த அலமாரிக்குப் போகும் வழியில் சென்னை வரலாறு இருந்த அலமாரி இருந்தது. வழியிலேயே நின்றுவிட்டேன்.

அங்கேதான் பேட்ரிக் கெடிஸ் அறிமுகமானார். ஸ்காட்லாந்துக்காரர், படிப்பால் தாவரவியலாளர், பிழைப்பால் ஊர்களைப் படிப்பவர். நகரங்கள் எப்படி வளர்கின்றன என்பதைப் படங்களாலும் வரைபடங்களாலும் விளக்கும் பெரிய கண்காட்சி ஒன்றை அவர் வைத்திருந்தார். 1914-இல் அதை இந்தியாவுக்கு ஏற்றி வந்த கப்பலை ஜெர்மனியின் எம்டன் கப்பல் மூழ்கடித்துவிட்டது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், செப்டம்பர் 22 இரவில், சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு போட்டுவிட்டுப் போன அதே எம்டன். ‘அவன் சரியான எம்டன்’ என்று இன்றும் நாம் சொல்வதற்குக் காரணமான எம்டன். கெடிஸ் சளைக்கவில்லை. நண்பர்கள் புதிதாகத் திரட்டி அனுப்பிய படங்களைக் கொண்டு 1915 ஜனவரியில் கண்காட்சியை நடத்திக் காட்டினார். எங்கே என்றால், செனட் இல்லத்தில். நான் சிவப்புக் கட்டடம் என்று சொல்லிக்கொண்டு தேங்காய் பட்டாணி சுண்டல் தின்றபடி கடந்து போன அதே மண்டபத்தில்.

பிறகு அவர் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றி அறிக்கைகள் எழுதினார். அக்காலத்துப் பொறியாளர்கள் நெருக்கமான தெருவைக் கண்டால் நேராக ஒரு அகலச் சாலையை வெட்டிவிடச் சொல்வார்கள். கெடிஸோ சந்து சந்தாக நடந்து பார்த்து, இந்த இடிந்த சுவரை மட்டும் எடு, இந்தக் குட்டிச்சுவர் மனையில் ஒரு மரம் வை, கிணற்றடியைத் துப்புரவாக்கு, மிச்சத்தைத் தொடாதே என்பார். தஞ்சாவூருக்கு அவர் சொன்ன யோசனை இப்படிப்பட்டது. சோதிடர் ஜாதகம் பார்ப்பதைப் போல அவர் ஊரைப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. அவர் வந்து போன சில ஆண்டுகளில், 1920-இல், சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் வந்த சூட்டோடு எழுந்த பெரிய குடியிருப்புதான் தியாகராய நகர். அதை வரைந்தவர் கெடிஸ் இல்லை. அவராக இருந்தால் அந்த இடத்தில் கட்டச் சொல்லியிருப்பாரா என்று எனக்கு ஐயம் உண்டு. ஏனென்று சொல்கிறேன்.

நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்தின் நடுவே மடித்து ஒட்டியிருந்த பழைய சென்னை வரைபடத்தை ஒருநாள் விரித்தேன். மவுண்ட் ரோடு தெரிந்தது, சைதாப்பேட்டை தெரிந்தது, நுங்கம்பாக்கம் தெரிந்தது. தி.நகரைக் காணவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில், மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, வடக்குத் தெற்காக நீண்டு வளைந்து, ஒரு பெரிய நீர்நிலை கிடந்தது. லாங் டேங்க், அதாவது நெட்டேரி. வெள்ளைக்காரர்கள் அதில் படகுப் போட்டி நடத்திய செய்தியும் அந்தப் புத்தகத்திலேயே இருந்தது. 1923-இல் தொடங்கி அந்த ஏரியை வடித்துத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உண்டாக்கினார்கள்.

அந்த வடிவத்தைப் பார்த்ததும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது: எங்கள் ஊர்க் கண்மாய். ஒரு பக்கம் நிறைசூலியின் வயிறு போல வளைந்த கரை. எதிர்ப்பக்கம் கரையே இல்லாமல், தண்ணீர் வருவதற்காகத் திறந்து கிடக்கும் நிலம். நிலம் எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் கரை இருக்கும். கரையில் மடை, மடைக்குக் கீழே ஆயக்கட்டு வயல், கண்மாய் நிறைந்தால் மிச்சம் வழிந்தோடக் கலங்கல், கலங்கலில் விழும் தண்ணீர் அடுத்த கண்மாய்க்கு. இது எங்கள் பக்கத்தில் ஆடு மேய்க்கும் பையனுக்கும் தெரிந்த கணக்கு. சென்னையில் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. ஆகவே ஏரிகளுக்குக் கரை கிழக்கே. செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்று சொல்வார்கள்; அதன் பக்கத்தில் முளைத்த சென்னையும் அதே ஏரிச் சங்கிலியின் கடைசிக் கண்ணிகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பட்டிக்காட்டான் என்று பெயர் வாங்கிவிடக் கூடாதே என்று நான் மூட்டை கட்டி வைத்திருந்த அறிவு, சென்னையைப் படிக்கத் தேவையான அரிச்சுவடியாக இருந்தது. அன்று நூலகம் மூடும்வரை அந்த வரைபடத்தை விட்டு நான் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. வள்ளுவர் கோட்டத்திலிருந்து நடக்கத் தொடங்கினேன். 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டமே நுங்கம்பாக்கம் ஏரி கிடந்த இடத்தில் நிற்பதுதான். பக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு என்று ஒரு சாலை. கரை போய்ச் சாலை ஆனபின்னும் பெயர் போகவில்லை. அதற்கடுத்து லேக் ஏரியா என்றே ஒரு பகுதி. ஏரி போய் ‘ஏரியா’ வந்த இடம் என்று அன்று என் நோட்டில் எழுதிவைத்தேன். இருபது வயதில் அது பெரிய நகைச்சுவையாகப் பட்டது. அங்கிருந்து தி.நகருக்குள் நுழைந்து, பனகல் பூங்காவைச் சுற்றி, மாம்பலம் ரயில் நிலையப் பாலத்தின் மேல் ஏறி மறுபக்கம் இறங்கினால் மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு. தமிழில் பலகையில் ஏரிக்கரைச் சாலை. அந்தச் சாலையில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டு, “ஏரி எங்கேண்ணே இருக்கு?” என்று விளையாட்டாகக் கேட்டேன். கடைக்காரர் பால் ஆற்றுவதை நிறுத்தாமலே, “மழை பெய்யட்டும், வா, காட்டுறேன்” என்றார்.

திரும்பும்போது உஸ்மான் சாலைக்கு அருகே ஒரு தண்ணீர் லாரி ஒழுகிக்கொண்டு நின்றது. அந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கலாமே என்று தோன்றியது. கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்த தெருவில் அது ஒரு கணம் தயங்கியது. பிறகு ஒரு நூல் பிடித்தாற்போலக் கிழக்கே ஓடி, நடைபாதை விளிம்பில் முட்டி, குப்பையைச் சுற்றிக்கொண்டு, மறுபடி கிழக்கே திரும்பியது. இரண்டு தெரு அதன் பின்னாலேயே போனேன். எல்லோரும் புடவைக் கடைக்குப் போகும் தி.நகரில் ஒருவன் தரையைப் பார்த்துக்கொண்டு ஒரு வாய்க்காலைத் தொடர்ந்து நடந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. ஏரியைத் தூர்க்கலாம், சரிவைத் தூர்க்க முடியாது. அந்தப் பகுதியின் மழைநீரைச் சுமந்து நந்தனத்தில் அடையாற்றில் விடும் மாம்பலம் கால்வாய் அடைபடும் போதெல்லாம், 2021 நவம்பரில் நடந்ததைப் போல, தண்ணீர் பழைய விலாசத்தைத் தேடி வந்துவிடுகிறது.

இதைச் சொல்வதால் தி.நகரை நான் வெறுக்கிறேன் என்று கொள்ள வேண்டாம். பூங்காவை நடுவில் வைத்துச் சாலைகளைக் கதிர்போல் விரித்து வரைந்த அந்தத் திட்டம் அழகானது. அதன் சாலைகள் நீதிக்கட்சிக்காரர்களின் வருகைப் பதிவேடு போல இருக்கும். தியாகராயர், பனகல் அரசர், டாக்டர் நாயர், டாக்டர் நடேசன், உஸ்மான், தணிகாசலம், சௌந்தரபாண்டியன் என்று ஒரு அரசியல் தலைமுறையே அங்கே தெருவாகவும் பூங்காவாகவும் கடைவீதியாகவும் நிற்கிறது. வாங்கிய பையோடு நடக்கும் கூட்டத்தில் ஒருவருக்கும் அது தெரிய வேண்டிய அவசியம் இல்லை. தெரிந்தால் நடப்பது இன்னும் கொஞ்சம் சுவையாக இருக்கும், அவ்வளவுதான்.

மயிலாப்பூரில் வேறு பாடம். கபாலீசுவரர் கோயிலின் மாட வீதிகளுக்கு அப்பால் ஒரு சந்தில், திண்ணை வைத்த ஓட்டு வீடு ஒன்றை நான் வெளியே நின்று நோட்டில் வரைந்துகொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து ஒரு பாட்டி வந்து, “என்ன, கார்ப்பரேஷனா?” என்றார். மாணவன் என்றதும் திண்ணையில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் என் முழங்கால் மார்புக்கு வந்தது. தெருவுக்கும் திண்ணைக்கும் ஒரு சாண் உயரம்கூட இல்லை. கல்யாணமாகி வந்தபோது அந்த வீட்டுக்கு ஐந்து படி இருந்ததாம். வீடு இறங்கவில்லை, தெரு ஏறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, ஒவ்வொரு படியாகத் தெரு விழுங்கியிருக்கிறது. ஐந்தாவது படியும் போனபின் மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் திண்ணை ஏறி, ரேழி தாண்டி, முற்றத்துக்கு வந்தது. முற்றத்தில் விழும் மழைத் தண்ணீரைத் தெருவுக்கு அனுப்புவதற்காக வைத்த தூம்பு வழியாகத் தெரு உள்ளே வந்துவிட்டது என்று பாட்டி சிரித்தார். சாலை போடும் முன் பழைய தளத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்று அரசு 2021-இல் கண்டிப்பாக அறிவுறுத்தியபோது, அந்த ஐந்து படிகளை நினைத்துக்கொண்டேன். அந்த வீடு அதற்கு வெகு முன்பே அடுக்ககமாகிவிட்டது.

பாரிமுனைக்குப் போன நாட்களைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது. இரண்டை மட்டும் சொல்கிறேன். டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரத்தில் ஒரு குட்டைத் தூண் நிற்கிறது. 1746-இல் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களிடம் இழந்து, மூன்றாண்டு கழித்துத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர்கள், கோட்டையை ஒட்டியிருந்த பழைய ஊர் எதிரிக்கு மறைவிடமாகிறது என்று கருதி அந்த இடத்தை வெட்டவெளியாக்கினார்கள். இதற்கு இப்பால் யாரும் வீடு கட்டக் கூடாது என்று 1773-இல் நட்ட ஆறு எல்லைத் தூண்களில் மிஞ்சியது அது ஒன்றுதான். அந்த வெட்டவெளியில்தான் பிற்பாடு, 1892-இல், உயர் நீதிமன்றம் திறக்கப்பட்டது. 1894 முதல் 1977 வரை அதன் உச்சிக் குமிழே கலங்கரை விளக்கமாகவும் இருந்தது. இன்னொன்று வால்டாக்ஸ் ரோடு. ஹைதர் அலிக்கு அஞ்சி ஊரைச் சுற்றி மதில் எழுப்பி, அதற்கான செலவை ஊர் மக்கள் தலையில் வரியாகப் போட நினைத்தார்கள். வரி வசூலாகவில்லை, பெயர் மட்டும் இருநூற்றைம்பது ஆண்டாக நிற்கிறது. வணிகவியல் மாணவன் ஒருவன் வாராக்கடனின் பெயரில் ஒரு சாலை இருப்பதைக் கண்டால் அதை விட்டுவிட முடியுமா?

இறுதியாண்டில் வீட்டுக்குப் போனபோது, நகரமைப்பு படிக்கலாமா என்று இருக்கிறது என்றேன். பி.காம். படித்தவன் நேராக அதில் சேர முடியாது. பொருளாதாரத்திலோ புவியியலிலோ எம்.ஏ. முடித்துவிட்டு முயலலாம் என்று விசாரித்து வைத்திருந்தேன். மளிகைக்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்த அப்பா பட்டியலிலிருந்து தலையைத் தூக்காமல், “கட்டடம் கட்டுதவன் கணக்கை நீ பாரு. அதுல கட்டடமும் வந்துரும், காசும் வந்துரும்” என்றார். அவருக்கும் கட்டட ஆசை ஒன்று இருந்தது. வாலிபத்தில் சரக்கெடுக்கச் சென்னைக்கு வந்தவர் மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி.யின் பதினாலு மாடியை எண்ணிப் பார்த்ததை எங்கள் தெருவில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். 1959-இல் திறந்தபோது நாட்டிலேயே உயரமான கட்டடம் அது. எண்ணி முடித்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டார். நானும் அப்படியே வந்துவிடுவேன் என்று நினைத்திருக்கலாம்.

அப்பா சொன்னதே நடந்தது. சி.ஏ. பயிற்சிக்காக ஜார்ஜ் டவுனில் ஒரு தணிக்கையாளரிடம் சேர்ந்தேன். மார்ச் கடைசியில் சரக்கிருப்பு எண்ணும் வேலைக்கு இளையவர்களை அனுப்புவார்கள். கோடவுன் தெருவில் ஒரு ஜவுளிக் கிடங்கில் சீனியர் ஒவ்வொரு கட்டாகச் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டு வந்தேன். ஒரு நீள அறையில் நுழைந்ததும், மேலே தேக்குக் கட்டைகளும் அவற்றின் நடுவே சாய்வாக நிற்கும் குட்டிச் செங்கற்களும் தெரிந்தன. ஒரு மூலையில் மட்டும் யாரோ சிமெண்ட் பூசியதன் அடையாளமாகக் கட்டை கறுத்திருந்தது. “எத்தனை எழுதியிருக்க?” என்றார் சீனியர். நான் நூற்றுப் பன்னிரண்டில் நின்றிருந்தேன். அவர் நூற்று நாற்பதுக்குப் போயிருந்தார். “தம்பி, ஸ்டாக் கீழ இருக்கு” என்றார். முதலிலிருந்து எண்ணினோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் மடிப்பாக்கத்தில் அடுக்கக வீடு ஒன்று வாங்கினோம். எங்கள் பட்ஜெட்டுக்கு அங்கேதான் கிடைத்தது. பத்திரங்களைப் படிப்பது தொழில் என்பதால் தாய்ப்பத்திரத்தை வரி விடாமல் படித்தேன். அடுக்ககம் நிற்கும் சர்வே எண்ணுக்கு நேரே ‘நஞ்சை, ஏரிப் பாசனம்’ என்று இருந்தது. கரைக்குக் கீழே, மடைத் தண்ணீர் பாய்ந்த வயல். மனைவியிடம் படித்துக் காட்டினேன். “இதுக்குத்தானா இத்தனை வருஷமா மேப்பும் கையுமா அலைஞ்சீங்க?” என்றார். மூன்றாவது மாடிதானே என்றேன். முன்பணம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது.

குடிவந்த முதல் மாதத்தில், பழைய பழக்கத்தில், பக்கத்துத் தெருக்களை ஒரு சுற்று நடந்தேன். இரண்டு தெரு தள்ளி, மற்றதைவிட ஒரு ஆள் இடுப்பளவு உயரமாகச் சற்றே வளைந்து போகும் ஒரு தெரு. அதன் நடுவில் வேப்பமரத்தடியில் ஒரு பிடாரி கோயில். எங்கள் ஊரில் அய்யனார் கண்மாய்க் கரையில்தான் இருப்பார். அதற்கு மேல் எனக்கு எந்த வரைபடமும் தேவைப்படவில்லை. அந்த ஆண்டு மழை அறிவிப்பு வந்ததும் வண்டியைக் கொண்டுபோய்க் கோயிலை ஒட்டி நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். மறுநாள் காலை எங்கள் அடுக்ககத்துக் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். காவலாளி மட்டும், “உங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?” என்று கேட்டார், கரை, மடை, கலங்கல் என்று நான் தொடங்கியதும் அவர் பம்ப்செட்டைப் பார்க்கப் போய்விட்டார். ஆனாலும் சேதி பரவிவிட்டது. இப்போதெல்லாம் ஐப்பசியில் வானம் கறுத்தால் எனக்கு முன்பே ஏழெட்டு வண்டிகள் பிடாரி கோயிலை ஒட்டி நிற்கின்றன; இடம் பிடிக்க நான் அலுவலகத்திலிருந்து அரைமணி நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டியிருக்கிறது.